விதையோடு சொல்லையும் காப்பாற்றுவது: திருகோணமலை விவசாயிகளின் பயிரறிவைப் பேணுவதற்கு ஒரு வழிகாட்டி

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியைத் திருகோணமலைப் பிள்ளைகளும் படித்துத்தான் வளர்கிறார்கள். ஆனால் இங்கே ஆடி என்பது கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வரம்பிலுள்ள புல்லைக்கூடக் காயவைக்கும் மாதம். குளத்து நீர் பாயும் வயல்களில் அப்போது சிறுபோக வேளாண்மை (கோடைப் போக நெற்பயிர்) நிற்கும். மழையை நம்பிய மானாவாரி வயலில் அந்த மாதத்தில் விதை இறைத்தால் அது பறவைக்குத்தான் இரையாகும். இந்த மாவட்டத்தின் பெருமழை வாடைக்காற்றோடு வருவதால், புரட்டாசியில் புழுதியாக உழுது, ஐப்பசி மழை இறங்குவதற்கு முன்னரே விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பதே மூதூர்ப் பக்கத்திலும் குச்சவெளிப் பக்கத்திலும் மானாவாரிக்காரர் பழகிய வழி. பழமொழியில் பிழை இல்லை; அது வேறொரு நிலத்தின் மழையைச் சொல்கிறது. விவசாயிகளின் மரபறிவும் இப்படித்தான் இடத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. பத்து மைல் தள்ளிப் போனால் சில வேளை அது பொருந்தாமற் போய்விடும்.

பயிர்ப் பன்மையைக் காப்பது என்றவுடன், பழைய விதைகளைத் தேடிப் பிடித்துப் போத்தலில் அடைத்துப் பெயர் ஒட்டி வைப்பதைத்தான் பலர் நினைக்கிறார்கள். அந்த விதை எந்த மண்ணுக்கு, எந்த மழைக்கு, எந்தத் தேவைக்காகக் காக்கப்பட்டது என்ற அறிவு கூடவே வராவிட்டால், விதை முளைக்கும். ஆனால் இரண்டாம் ஆண்டு அதை விதைக்க ஒருவரும் முன்வரமாட்டார். ஆகவே விதையையும் அதைப் பற்றிய சொல்லையும் சேர்த்தே காக்க வேண்டும், அவ்விரண்டும் இதுவரை காத்தவர்களின் கையைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பில் இருப்பவர்கள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினர், கிராமத்துப் பாடசாலை ஆசிரியர்கள், வயல் உள்ள குடும்பத்து இளைஞர்கள் ஆகியோர் ஒரு போகத்துக்குள் தொடங்கிவிடக்கூடிய வேலைகளையே சொல்லியிருக்கிறேன்.

பழைய நெல்லுக்கு இனி என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு விடயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 1950களின் இறுதியில் இலங்கையின் நெல் விளைச்சலை மாற்றியமைத்த எச் 4 என்ற இனத்தின் தாய் தந்தையரில் ஒன்று முருங்கைக்காயன் என்னும் நமது நாட்டு நெல். கபில நிறத் தத்தி என்னும் பூச்சி வயலை எரித்ததுபோல் ஆக்கிய காலத்தில், அதைத் தாங்கும் தன்மையை இலங்கையின் ரத்து ஹீனட்டி நெல்லிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பிற நாடுகளின் நெல்லினங்களுக்கும் சேர்த்தார்கள். அந்த விதைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து, பஞ்ச காலத்திலும் உண்ணாமல் வைத்திருந்தவர்கள் விவசாயக் குடும்பங்கள்தான்.

முதலில் யாரிடம் போவது

விதைப்புக் காலத்திலும் வேளாண்மை வெட்டுக் காலத்திலும் எவரிடமும் போக வேண்டாம். அந்த நாட்களில் ஒரு விவசாயியின் ஒரு மணித்தியாலத்தைக் கேட்பது அவருடைய கூலியைக் கேட்பதற்குச் சமம். மாரி மழையில் விளையும் பெரும்போக நெல் வீட்டுக்கு வந்து சேர்ந்த மாசி, பங்குனி நாட்களே பேச்சுக்கு உகந்தவை. அப்போது விதைநெல்லும் கண்முன் இருக்கும். விளைந்ததும் விளையாததும் மனத்தில் பசுமையாக இருக்கும்.

நெல்லைப் பற்றி ஆண்களிடமும், வளவுப் (வீட்டுத்தோட்டப்) பயிர்களைப் பற்றிப் பெண்களிடமும் கேளுங்கள். இது கட்டாயமான பிரிவன்று. ஆனால் பூசணி, பாகல், பயற்றங்காய், கத்தரி, மிளகாய் ஆகியவற்றின் விதை பெரும்பாலும் அடுப்படியில்தான் இருக்கிறது, அதன் கணக்கும் அங்கேயே இருக்கிறது. வீட்டுக்காரரை முற்றத்தில் இருத்தி இரண்டு மணித்தியாலம் பேசிவிட்டு, உள்ளே நின்ற அம்மாவிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் திரும்பிய கணக்கெடுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் வளவுப் பயிர்ப் பக்கம் வெறுமையாகவே இருக்கும். வாய்க்கால் நீரைப் பங்கிடும் வட்டவிதானையிடம் தவறாமல் பேசுங்கள். எந்த வயல் முதலில் காயும், எங்கே நீர் தேங்கும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. கிண்ணியா, மூதூர், தோப்பூர் ஆகிய இடங்களின் முஸ்லிம் விவசாயிகளிடமும், வெருகல், மூதூர்க் கரையோரத்து வேடுவக் குடிகளிடமும் போகாமல் இந்த மாவட்டத்துக்குப் பதிவேடு செய்ய முடியாது. குரக்கன், சாமை, சோளம், எள்ளு போன்ற, காடு வெட்டிச் செய்யும் சேனைப் பயிர்களின் அறிவைக் காடும் சேனையும் பழகியவர்களிடம்தான் கேட்டுப் பெற வேண்டும்.

"உங்களிடம் என்ன பாரம்பரிய இனங்கள் உள்ளன?" என்று கேட்டால், "அதெல்லாம் இப்ப இல்லை, தம்பி" என்ற விடைதான் வரும். கேள்வியைச் சோற்றிலிருந்து தொடங்குவதே நல்லது. புதிர் எடுக்க (புது நெல்லில் முதற்சோறு ஆக்க) எந்த நெல்லைக் குத்தினீர்கள், நோன்புக் கஞ்சிக்கு எந்த அரிசி நன்றாகக் கரையும், பிள்ளை பெற்றவளுக்கு எந்த அரிசியில் பத்தியம் கொடுத்தீர்கள், பிட்டு உதிரியாக வர எந்த மா வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் என்று பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கும். பெயர் வந்தவுடன் அந்த வயல் எங்கே இருந்தது, பக்கத்தில் யார் செய்தார் என்று கேட்டால், அடுத்து எந்த வீட்டுக்குப் போவது என்பதும் தெரிந்துவிடும். கிண்ணியாவில் ஒரு மூத்தம்மா, நான் கொண்டுபோன நான்கு நெல்லையும் உள்ளங்கையில் தேய்த்து உமி நீக்கி, ஒவ்வொன்றையும் வாயில் இட்டு மென்றுவிட்டு, மூன்றாவதைத் தனியே ஒதுக்கி, "இது பேர் மாறி வந்திருக்கு மகன், இது வேற" என்றார். பின்னர் விதைத்துப் பார்த்தபோது அது வேறாகத்தான் இருந்தது. நாவும் விரலும் அறிந்த அறிவு இது. படிவத்தில் இதற்கென ஓர் இடம் இருக்க வேண்டும்.

நம்முடைய மாவட்டத்தில் ஒன்றை மறக்காமல் கேட்க வேண்டும்: போரில் இடம்பெயர்ந்தபோது விதைக்கு என்ன ஆயிற்று? 1990இலும் 2006இலும் உடுத்த உடையோடு ஓடியவர்கள் விதைநெல்லைக் கொண்டு ஓடவில்லை. ஆகவே பல வீடுகளில் விதை இல்லை, அதைப் பற்றிய நினைவு மட்டும் இருக்கிறது. விதை இல்லை என்பதற்காகப் பதிவேட்டை மூடிவிடாதீர்கள். இனத்தின் பெயர், உமியின் நிறம், எத்தனை மாதத்தில் வெட்டியது என்பவற்றை எழுதிக்கொண்டால், அதே நெல்லை மட்டக்களப்பிலோ வன்னியிலோ உள்ள உறவினர் வீட்டில் தேடலாம். கன்னொறுவையிலுள்ள தாவர மரபணு வளங்கள் நிலையத்தின் சேகரிப்பில் இருக்கிறதா என்று விவசாயப் போதனாசிரியர் ஊடாக விசாரிக்கலாம். அப்படித் தேடிக் கிடைத்த விதையை இதுதான் என்று உறுதிசெய்யப் பழைய நினைவைத் தவிர வேறு சான்று கிடையாது.

எழுதும் முறை

வெருகல் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அடுப்புக்கு மேலிருந்த பரணிலிருந்து ஓர் ஆச்சி சிறிய மண்முட்டி ஒன்றை இறக்கினார். அதன் வாயைப் பழஞ்சீலையால் கட்டியிருந்தார். உள்ளே சாம்பலோடு கலந்த பயற்றங்காய் விதை; ஊதிப் பார்த்தபோது தவிட்டு நிறத்தில் வெள்ளைக் கண்ணோடு மினுங்கியது. "வாடை மழைக்கு இதைப் போடாதேங்கோ பிள்ளை, பூக் கொட்டிப்போகும். மாரி முடிஞ்ச பிறகு போடுங்கோ, பனியிலயே காய்க்கும்" என்றார். நான் விதையை வாங்கிப் பையில் இட்டேன். அவர் சொன்னதை எழுதிக்கொள்ளவில்லை. பின்னர் என்னிடம் அந்த விதையைப் பெற்ற ஒருவர் கார்த்திகையில் நட்டு, கொடி தழைத்ததே தவிரக் காய் பிடிக்கவில்லை என்று சொல்லி, இது உதவாத இனம் என்று கைவிட்டுவிட்டார். ஆச்சி எனக்குத் தந்தவை இரண்டு. ஒன்றை நான் வழியிலேயே தொலைத்திருந்தேன்.

அதன் பிறகு நான் வைத்திருக்கும் கொப்பியில் ஒவ்வொரு விதைக்கும் இரண்டு பக்கங்களை ஒதுக்குகிறேன். முதற் பக்கத்தில் விதையின் பெயரும் அயல் ஊர்களில் வழங்கும் வேறு பெயர்களும், யாரிடமிருந்து, எந்த ஊரில், எந்த மாதத்தில் பெறப்பட்டது என்பதும், அவர் யாரிடமிருந்து பெற்றார் என்பதும் இருக்கும். பின்னர் நிலம்: மேடா பள்ளமா, மணலா களியா, உவர் ஏறும் இடமா. அடுத்து விதைக்கும் காலம், வெட்டும் காலம், பயிரின் உயரம், காற்றுக்குச் சாயுமா, நெல் நுனியில் வால் உண்டா, உமியின் நிறம், அரிசியின் நிறம். பிறகு உணவு: சோறாகவா, கஞ்சியாகவா, மாவாகவா, பழஞ்சோறாக மறுநாள் எப்படி இருக்கும். இரண்டாம் பக்கம் முழுவதையும் சொன்னவரின் வாய்ச்சொல்லுக்கே விட்டுவிடுகிறேன். அவர் "மூன்று புசல் விதைப்பு" என்றால் அதைக் கிலோவாக மாற்றுவதில்லை. "வாடை திரும்பும்போது" என்றால் அதை ஒரு திகதியாக மாற்றுவதில்லை. மாற்றிய கணக்கு வேண்டுமானால் பக்கத்தில் சிறிதாக எழுதலாம். சூடடிக்கும் களத்தில் நெல்லைப் பொலி என்றும், அதைச் சொல்லிப் பாடுவதைப் பொலிப்பாட்டு என்றும் வழங்கிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பாட்டுகளில் நெல்லின் பெயர்களும் வயலின் பெயர்களும் வந்தால், அவற்றையும் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து, எந்த விதைக்கு உரியதோ அந்தப் பக்கத்தில் பதிவின் எண்ணைக் குறித்துவையுங்கள்.

ஒரே பெயரில் இரண்டு நெல்லும், ஒரே நெல்லுக்கு இரண்டு பெயரும் இருப்பது சாதாரணம். ஆகவே பெயரை மட்டும் நம்பாமல், முற்றிய கதிர் ஒன்றைக் கொப்பித் தாளிலேயே ஒட்டி வையுங்கள். வயலில் களைநெல் பெருகியிருக்கும் இந்நாளில் இது மேலும் அவசியமாகிறது. வாலோடும் சிவந்த அரிசியோடும் இருந்து, முற்றுமுன்னே உதிர்ந்துவிடும் களைநெல்லைப் பழைய நாட்டு நெல் என்று எண்ணி விதைக்கு எடுத்தால், அந்த வயலைச் சீராக்கப் பல போகங்கள் செல்லும். கதிரைக் கையால் மெல்ல உருவிப் பாருங்கள். முற்றாத நிலையிலேயே மணி கழன்று விழுந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

சொன்னவரின் உரிமை

ஒரு முறை வாகனத்தில் வந்த குழு ஒன்று எங்கள் பக்கத்து ஊரில் வீடு வீடாக விதையும் தகவலும் வாங்கிச் சென்றது. என்ன எழுதினார்கள், எங்கே வைத்தார்கள் என்பதை யாருக்கும் சொல்லவில்லை. ஒரு தாள் கூடத் திரும்பி வரவில்லை. அடுத்த ஆண்டு நாங்கள் போனபோது, எங்களை அறிந்தவர்களே "விதை முடிஞ்சுபோச்சு" என்றார்கள். அவர்கள் அப்படிச் சொன்னதில் எந்தத் தவறும் இல்லை.

2001இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பில் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்த, உணவுக்கும் விவசாயத்துக்குமான தாவர மரபணு வளங்கள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 9ஆம் உறுப்புரை விவசாயிகளின் உரிமையைப் பேசுகிறது. தாவர வளங்கள் தொடர்பான மரபறிவைப் பாதுகாப்பது, அவற்றால் வரும் பயனில் நியாயமான பங்கைப் பெறுவது, அவற்றைப் பற்றிய தீர்மானங்களில் பங்குபற்றுவது என்பன அதில் உள்ளன. 1992ஆம் ஆண்டின் உயிர்ப் பல்வகைமைச் சமவாயமும் சுதேச, உள்ளூர்ச் சமூகங்களின் அறிவை மதித்துப் பேண வேண்டும் என்கிறது. இவற்றைக் கிராமத்தில் வாசித்துக் காட்டுவது நல்லது. ஆனால் உரிமை நடைமுறையாவது, நாம் கொப்பியைத் திறக்கும் முறையில்தான்.

எழுதுவதற்கு முன்பே, இது எதற்கு, யார் வாசிப்பார்கள் என்று சொல்லிச் சம்மதம் கேளுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் "ஊருக்குள்", "மாவட்டத்துக்குள்", "எவருக்கும்" என்ற மூன்றில் ஒன்றைச் சொன்னவரே தெரிந்து குறிப்பிடட்டும். மருந்துக்கான பயன்களைத் தனிக் கொப்பியில் எழுதி, ஊரிலேயே வைத்துக்கொள்வதுதான் சரி என்பது என் கருத்து. அந்த அறிவை விலையாக்கப் புறப்படுபவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். விதை தந்தவரின் பெயரைப் போட வேண்டுமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். எழுதி முடிந்ததும் அந்தப் பக்கங்களின் பிரதியை அவர் வீட்டில் கொடுத்து, வாசிக்க முடியாதவருக்கு வாசித்துக் காட்டி, திருத்தங்களைக் கேட்க வேண்டும். இந்தத் திருத்தத்தின்போதுதான் பெரும்பாலும் முக்கியமான தகவல் வெளிவருகிறது. முதல் நாள் சொல்ல மறந்தது, வாசித்ததைக் கேட்டவுடன் நினைவுக்கு வரும்.

விதையைப் பொதியிட்டுப் பெயரொட்டி விற்பனைக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் அதைத் தொடுகிறது. ஆகையால் முன்கூட்டியே விவசாயத் திணைக்களத்தின் விதை அத்தாட்சிப்படுத்தல் பிரிவினரிடம் விசாரித்துவிடுங்கள்.

ஒரு பிடி நெல்லிலிருந்து ஒரு புசல்

கையில் 50 கிராம் நெல்தான் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் உள்ளங்கை நிறைய வரும் அந்த நெல்லில் ஏறத்தாழ 2,000 மணிகள் இருக்கும். அதைக் கண்டபடி இறைத்துவிடக் கூடாது. நாற்றுமேடையில் ஐதாக விதைத்து, மணிக்கு ஒரு நாற்றாக எடுத்து, பத்து அங்குல இடைவெளியில் ஒற்றை நாற்றாக நட வேண்டும். 1,600 நாற்று தேறினால் நான்கு பேர்ச்சஸ் (ஏறத்தாழ 100 சதுர மீற்றர்) நிலம் போதும். சுமாராக விளைந்தாலும் அதிலிருந்து 20 கிலோவுக்கு மேல், அதாவது ஒரு புசல் அளவில் நெல் வரும். நடுவதற்குக் கூலி அதிகம்தான். ஆனால் ஒற்றை நாற்றாக நின்றால்தான் ஒவ்வொரு செடியின் குணத்தையும் தனித்தனியே பார்க்க முடியும்.

பாத்தி வயலின் ஓரத்தில் அமையாமல் நடுவே இருக்கட்டும். நெல் தன்னுள்ளேயே மகரந்தம் சேரும் பயிராகையால், அடுத்த இனத்திலிருந்து மூன்று மீற்றர் விலகியிருந்தால் போதும். உண்மையான ஆபத்து மண்ணில் கிடக்கும் பழைய நெல்லும், வாய்க்கால் நீரில் மிதந்துவரும் நெல்லுமே. நாற்று நட்ட பின்பு மூன்று தடவை, தூர் வெடிக்கும்போதும் பூக்கும்போதும் முற்றும்போதும், உரிய விவசாயியை அழைத்துச் சென்று பாத்திக்குள் நடவுங்கள். உயரம் கூடியது, முந்திப் பூத்தது, இலையின் அடி நிறம் மாறியது என்று அவர் சுட்டுவதைப் பிடுங்கிவிட வேண்டும். அவர் ஏன் ஒன்றைப் பிடுங்கச் சொல்கிறார், இன்னொன்றை ஏன் விட்டுவைக்கச் சொல்கிறார் என்பதைக் கூட நிற்கும் இளைஞர் கேட்டு எழுத வேண்டும். மரபறிவு கைமாறும் இடம் இதுதான். பயிற்சி மண்டபத்தில் இது நடப்பதில்லை.

நாட்டு நெல் உயரமாக வளரும். யூரியாவை அள்ளிப் போட்டால் சாய்ந்துவிடும். பிறகு நாட்டு நெல் உதவாது என்ற பெயரும் வந்துவிடும். தொழுவெருவும் பசுந்தாளும் போதும். வெட்டும்போது அறுவடை இயந்திரத்தை இந்தப் பாத்திக்குள் விடவே வேண்டாம், ஏனென்றால் முந்தைய வயலின் நெல் அதன் வயிற்றுக்குள் தங்கியிருக்கும். பாத்தியின் நடுவிலிருந்து நல்ல கதிர்களாக 200 முதல் 300 வரை தாக்கத்தியால் தனியே கொய்து, அவற்றை அடுத்த ஆண்டுக்கான தாய்விதையாகக் கட்டி வைத்து, மிகுதியைப் பெருக்கத்துக்குப் பயன்படுத்துங்கள். மிக நல்ல ஒரே ஒரு கதிரை மட்டும் எடுப்பது தவறு. ஒரு நாட்டு இனத்துக்குள்ளேயே இருக்கும் சிறு வேறுபாடுகள்தான் அதை வறட்சியிலும் வெள்ளத்திலும் தாங்க வைக்கின்றன.

வளவுப் பயிர்களுக்கு வேறு கணக்கு. பயறு, உழுந்து, கவ்பி, பயற்றங்காய் ஆகியவை பெரும்பாலும் தாமே மகரந்தம் சேர்ந்துவிடும், கவலை குறைவு. சோளம் காற்றினால் கலக்கும். அயலில் வேறு சோளம் நின்றால் நான்கு வாரம் தள்ளி விதைப்பதுதான் எளிய வழி. விதைக்கு ஐம்பது பொத்திக்குக் குறையாமல் எடுத்துக் கலந்து வைக்க வேண்டும். பூசணிப் பூக்களில் மறுநாள் விரியப்போகும் ஆண் பூவையும் பெண் பூவையும் முதல் நாள் மாலையிலேயே நூலால் கட்டிவைத்து, காலையில் அவிழ்த்துத் தொட்டு மீண்டும் கட்டிவிட்டால் அந்தக் காயின் விதை கலப்பில்லாமல் இருக்கும். கத்தரியையும் மிளகாயையும் வண்டும் தேனீயும் கலக்கும் என்பதால், ஒரு வளவில் ஓர் இனம் என்று ஊருக்குள் பகிர்ந்துகொள்வது நல்லது. ஓர் ஒழுங்கையில் ஐந்து வீடுகள் ஒரே கத்தரியினத்தைப் பொறுப்பெடுத்து, அடுத்த இனத்தை அடுத்த ஒழுங்கைக்கு விட்டால், தனி ஒருவரால் முடியாததை ஊரே செய்துவிடும். இராசவள்ளி, மரவள்ளி, வற்றாளை போன்ற கிழங்குகளைப் போத்தலில் வைக்க முடியாது. ஆண்டுதோறும் நட்டால்தான் அவை உயிரோடு இருக்கும்.

உலர்த்துவதும் வைப்பதும்

நமது மாவட்டத்தில் விதை கெடுவதற்குப் பெரிய காரணம் கடற்கரையின் ஈரக்காற்று. விதையின் ஈரப்பதன் ஒவ்வொரு வீதம் குறையும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பது விதையியலில் நன்கு அறியப்பட்ட விதி. விதைநெல்லை 13 வீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். மானி இல்லாவிட்டால் பல்லால் கடித்துப் பாருங்கள். நசிந்தால் ஈரம் இருக்கிறது. "டக்" என்று உடைந்தால் காய்ந்திருக்கிறது. தார்ப் பாதையிலும் சீமெந்துத் தரையிலும் உச்சி வெயிலில் பரப்புவது முளையைச் சுட்டுவிடும். பாயிலோ படங்கிலோ மெல்லிய படையாகப் பரப்பி, காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் உலர்த்தி, சூடு முழுவதும் ஆறிய பின்பே கட்ட வேண்டும். சூட்டோடு கட்டிய விதை சாக்குக்குள் வியர்த்துப் புழுங்கும்.

பயற்றினங்களுக்குச் சாம்பல் கலந்து வைப்பதும், நெல்லுக்கு வேப்பிலையும் நொச்சியிலையும் காயவைத்து இடுவதும், சோளப் பொத்தியை அடுப்புப் புகைபடத் தொங்கவிடுவதும் இன்றும் பலன் தருபவை. விறகு அடுப்பு இல்லாமற் போன வீடுகளில் புகைக்குப் பதிலாக இறுக மூடும் போத்தலைப் பயன்படுத்தலாம். அடியில் நன்றாக வறுத்து ஆறவிட்ட அரிசியைத் துணியில் முடிந்து போட்டால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். போத்தலின் உள்ளேயும் வெளியேயும் பெயர்ச்சீட்டு இருக்கட்டும். வெளியே ஒட்டியதைக் கறையான் தின்ற பின் வெறும் போத்தலைப் பார்த்து நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

எந்த விதையையும் ஒரே வீட்டில் வைத்திருக்காதீர்கள். 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்ததையும், 2004 மார்கழியில் கடல் வந்ததையும் கண்ட மாவட்டம் இது. ஒரு பங்கு தந்தவரின் வீட்டில், ஒரு பங்கு அதே ஊரின் மேட்டுப்பகுதி வீடொன்றில், ஒரு பங்கு வேறு நீர்ப்பாசனப் பகுதியிலுள்ள ஊரில் இருக்க வேண்டும். மூதூரின் விதைக்குத் தம்பலகாமமும், தம்பலகாமத்தின் விதைக்கு மூதூரும் பொறுப்பு நிற்கலாம். கன்னொறுவையின் குளிர்அறைக்கு ஒரு மாதிரியைக் கொடுப்பதும் நல்லதே. அப்படிக் கொடுக்கும்போது கொப்பியின் "எவருக்கும்" என்ற பக்கங்களை மட்டும் கூடவே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான இலக்கத்தை வாங்கி ஊர்க் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னொரு நாள் விதையைத் திரும்பக் கேட்க அந்த இலக்கமே வழி.

ஊருக்குள் விதை கடனாகப் போய்வரும் பழக்கம் புதிதல்ல. ஒரு கொத்து (தானியம் அளக்கும் அளவை) வாங்கியவர் ஒன்றரைக் கொத்தாகத் திருப்புவது என்று கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் தீர்மானித்து எழுதுங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவான அமைப்புக்குக் கொப்பியும் கணக்கும் ஏற்கெனவே இருப்பதால், இதற்கென்று புதிய சங்கம் தொடங்கத் தேவையில்லை.

வயலும் குளமும் சந்தையும்

நாட்டு இனங்களை விவசாயிகள் விரும்பிக் கைவிடவில்லை. ஆலைக்காரர் ஒரே அளவான வெள்ளை நெல்லைக் கேட்டார். குளத்து நீர் இத்தனை நாள்தான் என்று வரையறுக்கப்பட்டது. கடனும் உரமும் புதிய இனத்தோடு சேர்ந்து வந்தன. இந்த நிலையில், நிலம் குறைந்த ஒரு குடும்பத்திடம் முழு வயலிலும் பழைய நெல்லைச் செய்யும்படி சொல்ல எவருக்கும் உரிமை இல்லை என்றே நான் கருதுகிறேன். கால் ஏக்கர் போதும். அதுவும் பல வீடுகளுக்குள் பகிர்ந்து செய்தால் சுமை தெரியாது.

போகம் தொடங்கும் முன் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில்தான் நீர் திறக்கும் நாளும் நிறுத்தும் நாளும் முடிவாகின்றன. நான்கு மாதத்துக்கு மேற்பட்ட நெல்லை வைத்திருப்பவர்கள் அந்தக் கூட்டத்தில் பேசாமல் இருந்துவிட்டால், கதிர் பால் பிடிக்கும் வேளையில் வாய்க்கால் வறண்டுவிடும். ஆகவே கூட்டத்துக்கு முன்பே வட்டவிதானையோடு பேசி, நீண்ட கால நெல் செய்பவர்கள் அனைவரும் வாய்க்காலின் ஒரே கண்டத்தில் (வயற்பகுதியில்) செய்ய ஒப்புக்கொண்டால், அந்தக் கண்டத்துக்கு மட்டும் நீரை நீடிக்கும்படி கேட்பது நியாயமாகவும் எளிதாகவும் இருக்கும். மூன்று, மூன்றரை மாதத்தில் முற்றும் பச்சைப்பெருமாள் போன்றவற்றுக்கு இந்தச் சிக்கல் குறைவு. முதன்முறை தொடங்குபவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.

விளைந்ததை நெல்லாக விற்றால் இலாபம் இல்லை. கைக்குத்தரிசியாக, பிட்டு மாவாக, கஞ்சி அரிசியாக ஊரிலேயே மாற்றி விற்க மாதர் சங்கங்களால் முடியும். வாங்குபவருக்கு எந்த அரிசியை எப்படிச் சமைப்பது என்பதையும் சொல்லித்தர வேண்டும். சிவப்பரிசியைக் கூடுதல் நேரம் ஊறவைக்காமல் வெள்ளை அரிசிபோலவே வேகவைத்து, கடினமாக இருக்கிறதென்று ஒதுக்கியவர்கள் பலர்.

ஆவணி கடைசியில் முட்டியையும் போத்தலையும் திறந்து, ஒவ்வொரு இனத்திலும் நூறு விதையை எண்ணி எடுத்து, நனைந்த துணியில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி நிழலில் வைக்க வேண்டும். துணி காயாமல் பார்த்து, ஏழாம் நாள் பிரித்து எண்ணி, முளைத்த தொகையைத் திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். எண்பதுக்குக் கீழே இறங்கிய இனத்தை இன்னோர் ஆண்டு வைத்திருக்கக் கூடாது. இந்தப் பெரும்போகத்திலேயே, தந்தவரிடம் சொல்லிவிட்டு, முதல் மழைக்கு அதை மண்ணில் இட்டுவிட வேண்டும்.